பெஞ்சமின் பிராங்கிளின் எழுதக் கற்ற வகை

சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாலை, நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மைந்தனை உடனழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தனர். மைந்தன் 16 வயதினன்; பத்தாம் வகுப்பில் நன்கு தேறியவன்; கட்டுரை வரைவதில் விருப்பமுடையவன். குடும்பநிலை இடந்தராமையால் அவனைப் பள்ளியினின்றும் நிறுத்தித் தாய்மாமன் கடையில் கணக்கெழுத விட்டிருக்கின்றனர். இனி இவன் கல்வி இவ்வளவுதானே என்று தந்தையார் கூறுகையில் அவர் குரல் தழுதழுத்தது. பையன் தலைகுனிந்து நின்றான். அப்பொழுது நாம் அவர்கட்கு ஆறுதலாகச் சொல்லிய வரலாறொன்றை, அவ்வன்பர் வேண்டிக்கொண்டபடி, சற்று விரித்து இவண் எழுதத் துணிந்தோம்.

பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் பெயரைக் கேளாதார் நம்மவருள் அரியர். இடிமேகத்தினிடையே பட்டம் விட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்று பள்ளிப்பிள்ளைகள் அறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விடுதலைக்கு உழைத்த முதல்வருள் ஒருவர் என்று சரித்திரம் பயின்றோர் அறிவர். அந்நாட்டு 100 டாலர் நோட்டில் அவர் திருவுருவம் அச்சிடப்பெற்றிருத்தலை வாணிகம் செய்வோர் கண்டிருப்பர். இத்துணைப் பெருமைகளை எய்திய அவர், தம் முதுமையில் மரணசாசனம் எழுதப் புகுந்தபொழுது தம்மை அச்சுத்தொழிலாளர் என்றே முதற்கண் குறித்துக்கொண்டனர். பதவிப் பெயர்களெல்லாம் அதன் பின்னரே வந்தன. அதன் காரணம் அவர் இளமை வரலாற்றில் உள்ளது.

பிராங்கிளின் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், வட அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திற் பிறந்தனர். தந்தையார் ஜோசையா, இங்கிலாந்திலிருந்து குடியேறி, மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்று வாழ்ந்தவர். அவருக்கு இரு மனைவியர் வாயிலாகப் பிறந்த மக்கள் 17 பேர். அவருள் நம் பெஞ்சமின் 15-ஆவது மகவு; ஆண்மக்களுள் கடைக்குட்டி. இம்மகனைத் திருச்சபைத் தொண்டிற்கு ஆளாக்க எண்ணிய தந்தையார், 8 வயதில் இலக்கணப் பள்ளியிற் சேர்த்தனர். சேர்ந்த சில திங்களிலேயே பிள்ளை வகுப்பின் நடுவிடத்தினின்றும் தலையிடத்திற்கு ஏறிற்று. ஆயினும் பெருங்குடும்பத்தின் செலவு தந்தையாரை அச்சுறுத்தியது. ஓராண்டு முற்றுமுன்னரே அப்பள்ளியினின்றும் எடுத்து, எழுத்தும் கணக்கும் மட்டும் கற்பிக்கும் வேறொரு பள்ளியில் விட்டனர். அங்கே எழுத்து அழகாக வந்தது, கணக்கு வரவேயில்லை. 10 வயதில் அதுவும் நின்றது. ஆக, அவர் பள்ளியிற் கற்ற காலம் ஏறக்குறைய இரண்டாண்டே. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பிற்காலத்தில் இவரைத் தேடிவந்து பட்டம் அளித்தனவென்பதை நினைக்குந்தோறும், வகுப்பறையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்ற உபாத்தியாயர்க்கு ஒருவகை நாணம் உண்டாகின்றது.

தந்தையின் கடையில் திரி வெட்டுவதும், அச்சில் கொழுப்பை ஊற்றுவதும், ஏவல் வேலைக்கு ஓடுவதும் சிறுவனுக்கு உவப்பாயில்லை. கடலோடியாய்ப் போய்விட வேண்டுமென்று அவாவினன். ஜோசையா அடித்துத் திருத்தும் தந்தையல்லர். மகனைக் கைப்பிடித்து ஊரெல்லாம் அழைத்துச் சென்று, தச்சர், கொத்தர், கடைசல் வேலைக்காரர், கன்னார் முதலியோர் தொழில் செய்யுமிடங்களைக் காட்டி, எதன்கண் அவன் மனம் பற்றுகின்றதென்று நோக்கினர். முடிவில், கையில் ஒரு காசு கிடைத்தால் புத்தகத்திற்கே செலவிடும் இப்பிள்ளைக்கு ஏற்றது அச்சுத்தொழிலே என்று துணிந்தனர். மூத்த தமையன் ஜேம்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும் எழுத்துக்களும் கொணர்ந்து பாஸ்டனில் அச்சுக்கூடம் நிறுவியிருந்தனர். அவரிடம் 12 வயதில், 21 வயதுவரை பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் பெஞ்சமின் தொழில் பழகச் சேர்ந்தனர். கடைசி ஓராண்டிற்கு மட்டுமே கூலி.

புத்தகங்களின்பாற் காதல் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. ஜான் பனியன் என்பார் இயற்றிய மோட்சப் பிரயாணம் அவர் விரும்பிக் கற்ற முதல் நூல். (நம் நாட்டில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமாகத் தமிழிற் பாடியது இந்நூலைத் தழுவியே.) பனியனுடைய நூல்களைச் சிறு சிறு புத்தகங்களாக வாங்கிப் படித்து முடித்து, பின்னர் அவற்றை விற்று, அப்பொருளைக்கொண்டு சரித்திரச் சிறுநூல்கள் வாங்கினர். தந்தையார் வைத்திருந்தவை பெரும்பாலும் சமயவாத நூல்கள். அவற்றையும் விடாது படித்தனர். அக்காலத்தைப் பயனுள்ள வேறு நூல்களிற் செலவிட்டிருக்கலாமே என்று பின்னாளில் வருந்தினரேனும், அவற்றிடையே கிடந்த புளூட்டார்க்கின் பெரியோர் சரித்திரத்தைக் கற்ற காலம் நற்காலமென்றே எண்ணினர். அச்சுக்கூடம் புகுந்தபின் புத்தக வணிகரிடம் வேலைபார்க்கும் சிறுவர்களோடு நட்புண்டாயிற்று. அவர்கள் கடையடைக்கும் நேரத்தில் விற்பனைப் புத்தகமொன்றை இரகசியமாகத் தருவர். விடியுமுன், கேட்போர் வந்து தேடுவதற்கு முன், அஃது அழுக்குப்படாமல் திரும்பிச் சேர்தல்வேண்டும். இரவின் பெரும்பகுதி விழித்திருந்து படிப்பார். நம் சங்க நூல்நிலையத்தினின்றும் புத்தகம் எடுத்துச் சென்று ஆண்டு இரண்டாகியும் திருப்பித் தராத அன்பர் சிலர் இப்பகுதியைச் சற்று நின்று வாசிப்பாராக.

அச்சிறுவருக்குக் கவிபாடும் ஆசையும் தலையெடுத்தது. கலங்கரை விளக்கத்துக் காவலர் குடும்பத்தோடு கடலில் மூழ்கியதைப் பற்றி ஒரு சிந்து. பிளாக்பியர்டு என்னும் கடற்கொள்ளைக்காரனைப் பற்றி மற்றொன்று. தமையனார் அவற்றை அச்சிட்டு, பாடியவரையே தெருவிற் கூவி விற்கச் செய்தனர். முன்னது மிக விலைபோயிற்று. சிறுவர் செருக்குற்றனர். தந்தையார் அப்பாட்டுக்களின் குற்றங்களை எடுத்துக்காட்டி நகைத்து, செய்யுள் செய்வோர் பெரும்பாலும் இரந்துண்பவராகவே முடிகின்றனர் என்று எச்சரித்தனர். தமிழ்ப் புலவர் வரலாறு கற்ற நாம் இதனை மறுக்க வல்லமல்லேம்.

பாட்டு நின்றது, உரைநடை தொடங்கிற்று. அத்தொடக்கமும் ஒரு தோல்வியிலேயே பிறந்தது. ஜான் காலின்ஸ் என்னும் நண்பர் ஒருவர் அவரைப் போலவே நூல்விருப்பமும் வாதவிருப்பமும் உடையவர். பெண்மக்களுக்கு உயர்கல்வி தகுமா என்பது இருவரிடையே எழுந்த வாதம். தகாது, அதற்குரிய ஆற்றல் அவர்க்கில்லை என்றார் காலின்ஸ். தகும் என்று பிராங்கிளின் நின்றனர். அவர் பக்கமே மெய்யாயினும், சொல்வளத்தால் மேம்பட்டு நின்றவர் காலின்ஸ். பிரிந்தபின்னும் வாதம் கடிதங்களில் நடந்தது. அக்கடிதங்கள் தற்செயலாகத் தந்தையார் கண்ணிற் பட்டன. அவர் எப்பக்கம் மெய் என்னும் ஆராய்ச்சியிற் புகவில்லை. எழுதிய வகையை மட்டும் எடுத்துக்கொண்டு மகனிடம் பேசினர். எழுத்துப்பிழையின்மையிலும் நிறுத்தக்குறிகளை இடுவதிலும் நீ விஞ்சுகின்றாய், அஃது அச்சுக்கூடம் தந்த பேறு. ஆனால் சொல்லழகிலும், பொருளை முறைப்பட வைப்பதிலும், தெளிவிலும் உன் நண்பனுக்குப் பின்தங்கியிருக்கின்றாய் என்று, வரிவரியாகக் காட்டிக் கூறினர். மெழுகுவத்திக் கடைக்காரர் ஒருவர் இங்ஙனம் தம் மகனுக்கு ஆசிரியராயினமை எண்ணத்தக்கது. மகனும் வெகுளவில்லை. தந்தை சொல் நியாயமென்று கண்டு, திருந்த வேண்டுமென உறுதிகொண்டனர்.

அந்நாளில் அவர் கைக்கு ஒரு பழைய புத்தகம் வந்தது. ஸ்பெக்டேட்டர் என்பது 1711, 1712-ஆம் ஆண்டுகளில் இலண்டனில் அடிசன், ஸ்டீல் என்னும் இருவர் நாடோறும் வெளியிட்ட ஒற்றைத்தாள் இதழ். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டுரை. உலகியலும் நகையும் நீதியும் கலந்து, படித்தோர் பேசும் எளிய நடையில் அமைந்தது. பின்னர் அவை தொகுதிகளாகக் கட்டப்பெற்றன. அவற்றுள் மூன்றாந் தொகுதி மட்டும், துணையின்றித் தனித்து, விலைக்குக் கிடைத்தது. பிராங்கிளின் அதனை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தனர். நூறு நூல்களை ஒருமுறை புரட்டுவோர் பலர். அவர் ஒன்றை நூறுமுறை படித்தாற்போலப் படித்தனர். அத்துடன் நில்லாது, இவ்வாறு எழுத நம்மால் இயலுமா என்று சோதித்துப் பார்க்கவும் துணிந்தனர்.

அச்சோதனையை அவர் செய்த முறை வருமாறு. ஒரு கட்டுரையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லால் குறித்துக்கொள்வார். குறிப்பையும் புத்தகத்தையும் சில நாள் அப்புறப்படுத்திவிடுவார். நினைவினின்றும் சொற்கள் மறைந்தபின், குறிப்பை மட்டும் முன்வைத்துக்கொண்டு, தமக்கு வாய்த்த சொற்களால் அக்கட்டுரையை முழுதும் மீள எழுதுவார். அதன்பின் மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுத் தம் குற்றங்களைக் கண்டு திருத்துவார். இதிற் சிறப்பெல்லாம் அந்தச் சிலநாள் மறதியில் இருக்கின்றது. மறவாமல் எழுதினால் அது மனப்பாடம். நம் மாணவர் தேர்வுக்கு உருப்போட்டு எழுதும் கட்டுரைகளை ஒக்கும். மறந்தபின் எழுதினாலோ, கருத்து மட்டும் எஞ்சி நிற்க, சொல்லைத் தானே தேடவேண்டிய இடர்ப்பாடு எழுகின்றது. அவ்விடர்ப்பாட்டில்தான் பிராங்கிளின் தம் வறுமையைக் கண்டனர். வேண்டிய இடத்தில் வேண்டிய சொல் வரவில்லை.

அவ்வறுமையைப் போக்க அவர் மேற்கொண்ட வழி தமிழ் கற்றோர்க்கு மிக்க இன்பம் பயப்பது. அவ்வுரைநடைக் கதைகள் சிலவற்றைச் செய்யுளாக்கினர். உரைநடை மறந்த பின்னர் அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினர். பாட்டின் அளவும் இயைபும் நோக்குவோர், ஒரே பொருள் குறித்த பல சொற்களை, நீண்டதும் குறியதும் வேறோசையுடையதுமாகத் தேடியே தீரவேண்டும். முன்னர்ப் பாட்டு எழுதுவதை விடாமலிருந்தால் அச்சொற்கள் கைவசப்பட்டிருக்கும் என்று அவர் கருதினர். வெண்பா எழுதிப் பழகியவர் இதன் உண்மையை உடனே அறிவர். தளை தட்டுமிடத்தில் எத்தனை சொற்களை எடுத்து எடுத்து வைத்துப் பார்க்கின்றோம்! நாம் இளமையில் நிகண்டினை நெட்டுருச் செய்தோம். நெட்டுருவால் வந்த சொற்கள் பெட்டியில் இட்ட பட்டாடைபோல் மடிப்புக் கலையாமல் கிடந்தன. எதுகைக்குத் தேடி இடர்ப்பட்டுப் பெற்ற சொற்களோ நாவிலேயே தங்கின. நிகண்டைப் பழிக்க இதனைக் கூறினோமல்லேம்.

மூன்றாவதாக ஒரு பயிற்சியும் உண்டு. எழுதிவைத்த குறிப்புக்களையெல்லாம் வேண்டுமென்றே கலைத்துவிடுவார். சில வாரம் கழிந்தபின், எக்கருத்து முன் நிற்கவேண்டும், எது பின் தொடரவேண்டும் என்று தாமே ஆராய்ந்து வரிசைப்படுத்தி, பின்னரே கட்டுரையை எழுதுவார். பொருளை முறைப்பட வைப்பதிற் குறையுண்டு என்று தந்தையார் சொன்னாரல்லரோ, அதற்கு இது மருந்து. ஒப்பிடுங்கால் மூலமே சிறந்திருக்கும். அருமையாக, சிறியதோரிடத்தில் மட்டும், தம் சொல்லோ முறையோ மூலத்தினும் நன்று என்று தோன்றும். தாமும் ஒருநாள் ஓரளவு எழுத்தாளராகலாம் என்னும் நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது.

இவ்விடத்தில் நம்மைப் பற்றிச் சிறிது கூறப் பொறுத்தருள்க. பண்டிதப் பட்டம் பெற்ற புதிதில், அடுக்குத்தொடரும் அருஞ்சொல்லும் நிறைந்த கட்டுரையொன்றை எழுதி ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பினோம். பொருள் விளங்கவில்லை என்னும் ஒருவரிக் குறிப்போடு அது திரும்பிற்று. பத்திராதிபர் தமிழறியாதவர் என்று பலரிடம் சொல்லித் திரிந்தோம். ஓராண்டு கழித்து அக்கட்டுரையை நாமே எடுத்துப் படித்தபொழுது நமக்கும் இரண்டிடங்களிற் பொருள் விளங்கவில்லை! அதன் பின்னரே பிராங்கிளினது முறையைக் கைக்கொண்டு, ஆறுமுக நாவலர் அவர்களுடைய பெரியபுராண வசனத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு பகுதியாகக் குறிப்பெடுத்து, மறந்து, மீள எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தோம். நாவலர் ஆறு சொல்லால் முடித்ததை நாம் பதினைந்து சொல்லால் நீட்டியிருந்தமை கண்டு வெட்கினோம். ஈராண்டு அங்ஙனம் செய்தோம். முற்றும் திருந்தினோம் என்று கூறோம், இக்கட்டுரையே சான்று.

இப்பயிற்சிக்குப் பிராங்கிளினுக்கு நேரம் எங்கே கிடைத்தது? காலையில் வேலை தொடங்குமுன்னும், இரவு வேலை முடிந்தபின்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆம். தந்தையார் வீட்டிலிருந்த நாளிற் கட்டாயமாயிருந்த கோயில் வழிபாட்டை நழுவவிட்டு அச்சுக்கூடத்தில் தனித்திருப்பார். அது கடமையே என்று எண்ணினரேனும், நேரமில்லை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டனர். அவர் வரலாற்றில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் இதனையும் எழுதினோம். 16-ஆம் வயதளவில் புலாலுண்ணாமையை வலியுறுத்தும் நூலொன்றைப் படித்து, மரக்கறியுணவை மேற்கொண்டனர். தம் உணவிற்காகத் தமையனார் செலவிடும் தொகையிற் பாதியைக் கையில் தந்தால் தாமே உணவு பார்த்துக்கொள்வதாகச் சொல்ல, தமையனார் மகிழ்ந்து இசைந்தனர். அப்பாதியிலும் பாதி மிச்சப்பட்டது. மிச்சமெல்லாம் புத்தகமாயிற்று. ஏனையோர் உணவுக்குச் சென்ற வேளையில், ஒரு ரொட்டித்துண்டும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் ஒரு குவளைத் தண்ணீருமாக உணவை முடித்துக்கொண்டு, அவர்கள் திரும்பும்வரை படிப்பார். பள்ளியில் இருமுறை தோற்ற கணக்கையும் அவ்வேளைகளிலேயே ஒரு நூலின் துணையால் எளிதிற் கற்றனர்.

1721-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஒரு செய்தித்தாள் தொடங்கினர். நியூ இங்கிலாந்து கூராண்ட் என்பது அதன் பெயர். கற்றறிந்த நண்பர் சிலர் அதற்குக் கட்டுரை வரைந்து, அச்சுக்கூடத்திற்கு வந்து, தம் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டைப் பேசி மகிழ்வர். மூலையில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த சிறுவர் கேட்டுக்கொண்டிருப்பார். தம் எழுத்தென்று தெரிந்தால் தமையனார் அச்சிடார் என்பதை உணர்ந்து, கையெழுத்தை மாற்றி, சைலன்ஸ் டூகுட் என்னும் கைம்பெண் ஒருத்தி எழுதியதாகப் பாவித்து ஒரு கடிதம் வரைந்து, இரவில் அச்சுக்கூடக் கதவின்கீழ்ச் செருகிவைத்தனர். காலையில் நண்பர்கள் அதனைப் படித்துப் புகழ்ந்தனர். எழுதியவர் யாராயிருக்கலாம் என்று அவ்வூர்க் கல்விமான்களின் பெயர்களையே ஒவ்வொன்றாகச் சொல்லினர். சிறுவரின் உள்ளம் எவ்வாறு துள்ளியிருக்கும்! 1722-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்ஙனம் 14 கடிதங்கள் வெளிவந்தன. பெண்கல்வியைத் தடுப்பாரை அக்கைம்பெண் கண்டித்தாள். கல்லூரிக்குச் செல்வர் பிள்ளைகள் பணத்தின் வலியாற் புகுந்து மூடராகவே வெளிவருதலை எள்ளினாள். காலின்ஸிடம் சொல்வளமின்றித் தோற்ற அதே வாதம் இப்பொழுது நகரம் முழுதும் படித்து மகிழும் எழுத்தாயிற்று. எழுதியவருக்கு வயது 16.

உண்மை வெளிப்பட்டதும் நண்பர்கள் மதித்தனர். தமையனார்க்கு மட்டும் பொறுக்கவில்லை. சினமும் அடியும் மிகுந்தன. 1723-ஆம் ஆண்டு பிராங்கிளின் ஒருவரும் அறியாமற் புறப்பட்டனர். கப்பற் கூலிக்குப் பணமில்லை. ஒரு வாய் உணவைக் குறைத்து வாங்கிச் சேர்த்த புத்தகங்களிற் சிலவற்றை விற்றே அக்கூலியைக் கொடுத்தனர். நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. பிலடெல்பியா நோக்கிப் படகிற் செல்லுகையில், குடிமயக்கத்திலிருந்த டச்சுக்காரன் ஒருவன் நீரில் விழ, அவன் தலைமயிரைப் பற்றி இழுத்துக் காப்பாற்றினர். அவன் தன் சட்டைப்பையிலிருந்து நனைந்த புத்தகமொன்றை எடுத்து உலர்த்தித் தரும்படி வேண்டிவிட்டு உறங்கிப்போனான். பிரித்துப் பார்த்தால், டச்சு மொழியில் அழகிய படங்களோடு அச்சிட்ட பனியனுடைய மோட்சப் பிரயாணம்! தாம் முதன்முதல் விரும்பிக் கற்ற நூல், ஊரும் உறவும் விட்டுத் தனித்துச் செல்லும் வழியில் இங்ஙனம் எதிர்ப்பட்டது.

பிலடெல்பியாவிற் கையிற் சில காசுகளோடு இறங்கி, ரொட்டி மூன்றினை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்த கதை பலரும் அறிந்ததே, அதனை விரிக்கவில்லை. ஆளுநர் ஒருவருடைய வெறுஞ்சொல்லை நம்பி 1724-இல் இலண்டன் சென்று, அங்கே ஏமாற்றமுற்று, அச்சுத்தொழிலாளராகவே ஒன்றரையாண்டு கழித்தனர். அந்நாளில் அங்கு இரவல் நூல்நிலையங்கள் இல்லை. தாம் தங்கியிருந்த வீட்டை அடுத்துப் பழம்புத்தகக் கடையொன்று இருந்தது. கடைக்காரரோடு ஒரு தொகை பேசிக்கொண்டு, வேண்டிய நூலை எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்துவந்தனர்.

1726-இல் பிலடெல்பியா மீண்டவர், மறு ஆண்டு தம்மையொத்த தொழிலாளர் சிலரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தனர். ஜுண்டோ என்பது அதன் பெயர். உறுப்பினருட் செருப்புத் தைப்பவரும், மரவேலை செய்பவரும், கண்ணாடி பொருத்துபவரும் இருந்தனர். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடுவர். ஒவ்வொருவரும் மூன்று திங்களுக்கு ஒருமுறை தாம் விரும்பிய பொருள்பற்றித் தாமே எழுதிய கட்டுரையொன்றைப் படித்தல்வேண்டும் என்பது விதி. நம் சங்கத்து ஆண்டுவிழாவிற் சொற்பொழிவாளரை வெளியூரினின்றும் வரவழைக்கின்றோம். நம்மவரே எழுதிப் படித்தல் எத்துணை நாள் கண்டோம்?

வாதத்தில் அடிக்கடி நூல்களைப் பார்க்கவேண்டியிருந்தமையின், அவரவர் புத்தகங்களை ஓரறையிற் சேர்த்துவைக்க ஏற்பாடாயிற்று. பேணுவாரின்மையால் ஓராண்டில் அது கலைந்தது. பிராங்கிளின் தளரவில்லை. 1731-ஆம் ஆண்டு, 50 பேரைத் திரட்டி, முதலில் ஆளுக்கு 40 ஷில்லிங்கும் பின்னர் ஆண்டுதோறும் 10 ஷில்லிங்கும் கொடுக்கச் செய்து பிலடெல்பியா நூல்நிலையக் கழகத்தை நிறுவினர். இலண்டனிலிருந்து நூல்கள் வந்தன. வாரத்தில் ஒருநாள் இரவல் கொடுக்கப்பெறும். உரிய காலத்திற் கொணராதார் இருமடங்கு விலை தருவதாக எழுதிக் கொடுத்தல்வேண்டும். தம் பெயரை முன்னிறுத்தியபொழுது மக்கள் தயங்குதலைக் கண்டு, இது நண்பர் பலருடைய எண்ணம், நாம் ஏவலாளரே என்று சொல்லி ஆள் சேர்த்தாராம். அந்நூல்நிலையம் இன்றும் அந்நகரில் இருக்கின்றது. அவரும் நாடோறும் ஒன்றிரண்டு மணி நேரத்தை அங்குள்ள நூல்களைக் கற்பதற்கென ஒதுக்கி, தந்தையாரால் தமக்குக் கிட்டாமற்போன கல்வியை ஒருவாறு நிறைவு செய்துகொண்டனர். வாசிப்பொன்றே அவர் தமக்கு இசைத்துக்கொண்ட விளையாட்டு. சீட்டுக்கட்டும் கள்ளுக்கடையும் அவர் பொழுதைக் கொள்ளவில்லை.

இதன்பின் அவர் எழுத்தால் எய்தியவை பல. 1729 முதல் அவர் நடத்திய பென்சில்வேனியா கெஜட் பெரும்பேர் பெற்றது. ஏழை ரிச்சர்டு என்னும் பெயரில் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கம் ஏறத்தாழ 10,000 படிகள் விலைபோயிற்று; வேறு நூல் வாங்காத குடியானவர் வீடுகளிலும் அது புகுந்தது. அதிலுள்ள நன்மொழிகளிற் பெரும்பாலன பிறர் சொல்லியவையே. அவரும் அதனை ஒளிக்கவில்லை. ஆயினும் நீண்டு கிடந்ததைச் சுருக்கி, மழுங்கியதைத் தீட்டி, நாவில் நிற்குமாறு செய்தது ஸ்பெக்டேட்டரோடு பழகிய அந்தக் கையே.

மின்சார ஆராய்ச்சிக்கும் நூல்நிலையமே வாயிலாயிற்று. நூல்நிலையத்திற்கு இலண்டனிலிருந்து புத்தகம் தெரிந்தனுப்பி உதவிய பீட்டர் காலின்சன் என்னும் வணிகர், மின்சாரச் சோதனைக்குரிய கண்ணாடிக் குழாயொன்றையும் அந்நிலையத்திற்கு அன்பளிப்பாக அனுப்பினர். அதைக்கொண்டு தாம் செய்த சோதனைகளைப் பிராங்கிளின் கடிதங்களாக அவருக்கே எழுதினர். 1751-இல் அவை இலண்டனில் நூலாக வெளிவந்தன. 1753-இல் இராயல் சங்கத்தார் காப்லி பதக்கம் வழங்கினர். 1762-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. சோதனையின் புதுமை ஒருபுறமிருக்க, அதனைப் பயிலாதவரும் விளங்கிக்கொள்ளுமாறு எழுதிய தெளிவும் அப்புகழுக்குக் காரணமாம்.

1785-ஆம் ஆண்டளவில், மாசச்சூசெட்ஸ் நாட்டில் அவர் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிற்றூர் ஒன்று, தன் கோயிலுக்கு ஒரு மணி வாங்கித் தருமாறு அவரை வேண்டியது. ஒலியினும் அறிவு நன்று என்று கருதிய அவர், மணிக்கு மாறாகப் புத்தகங்களை வாங்கி அனுப்பினர். அப்புத்தகங்கள் அவ்வூர் நூல்நிலையத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

அவர் வாழ்க்கையில் ஒரு பெருங்குறை உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. விடுதலைக்குரிய சாசனத்தை 1776-இல் ஆக்கிய ஐவருள் ஒருவராகிய இவர், தம் வீட்டில் நீக்ரோ அடிமைகளைப் பல்லாண்டு வைத்திருந்தனர். அவர் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வந்தன. முதுமையிலேயே அவர் உள்ளம் முற்றும் திரும்பிற்று. 1787-இல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்திற்குத் தலைவராயினர். 1790-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சங்கத்தின் சார்பாக அமெரிக்கப் பேரவைக்கு விண்ணப்பம் ஒன்று அவர் கையொப்பத்தோடு சென்றது. ஜார்ஜியா நாட்டுப் பிரதிநிதி ஒருவர் எழுந்து, அடிமைகளின்றி நிலங்களை உழுவார் யார் என்றும், வேதமே இம்முறையை ஒப்புகின்றதென்றும் வாதாடினர். விண்ணப்பம் பயன்படவில்லை.

பிராங்கிளினுக்கு அப்பொழுது வயது 84. நோயாற் படுக்கையினின்றும் எழ மாட்டாதவராயிருந்தனர். பேரவைக்குச் சென்று பேசும் ஆற்றலில்லை. எழுதுகோல் மட்டும் இருந்தது. சைலன்ஸ் டூகுட் என்னும் கைம்பெண்ணாக வேடம் பூண்டு கதவின்கீழ்க் கடிதம் செருகிய சிறுவர், மீண்டும் ஒரு வேடம் பூண்டனர். அல்ஜியர்ஸ் நாட்டு ஆட்சிமன்றத்தான் ஒருவன் நூறாண்டின் முன்னர்ப் பேசியதாகப் பாவித்து, கடற்கொள்ளையிற் பிடிபட்டு அடிமைகளாகிய வெள்ளையரை விடுவித்தல் எவ்வாற்றானும் தகாது என்று ஒரு சொற்பொழிவு புனைந்தனர். அவர்களின்றி எம் நிலங்களை உழுவார் யார், எம் வேதமும் இதனை ஒப்புகின்றதன்றோ என்று, ஜார்ஜியாப் பிரதிநிதியின் வாதங்களையே அவன் வாயில் வைத்தனர். கேட்போர் நகைத்தால் நகைப்பது தம்மையே. 1790-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாளிட்ட அக்கடிதம் செய்தித்தாளில் தம் பெயரின்றி வெளிவந்தது. அதன்பின் ஒரு திங்கள் முற்றுமுன்னரே, ஏப்ரல் 17-ஆம் நாள் இரவு, பிலடெல்பியாவில் தம் இல்லத்தில் அவர் உயிர்நீத்தனர்.